இந்த வயர் எங்கே போகிறது?

பழைய டீசல் இன்ஜின் ஓடுவதற்கு ஒரு வயர்கூடத் தேவையில்லை. பெட்ரோல் இன்ஜினுக்குப் பொறி வேண்டும், பொறிக்குக் காயில் வேண்டும், காயிலுக்கு மின்சாரம் வேண்டும். டீசலுக்கு இந்தச் சங்கிலி கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றைப் பதினாறில் ஒரு பங்கு, பதினெட்டில் ஒரு பங்கு இடத்துக்குள் நசுக்கும்போது அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிவிடுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 1897இல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டியதிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுதான்.

ஆயில் இன்ஜின் காலத்தைப் பார்த்த, மடத்துக்குளம் பக்கத்துக் கணியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அமராவதியின் பழைய ஆயக்கட்டில் கணியூருக்கென்று ஒரு ராஜவாய்க்கால் உண்டு. வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டு நிலத்துக்குக் கிணறுதான் கதி. பைக்காரா மின்சாரம் 1930களிலேயே கோவைச் சீமைக்கு வந்துவிட்டாலும், கம்பம் வந்து சேராத தோட்டங்களில் வெகுகாலம் ஆயில் இன்ஜின்தான் தண்ணீர் இறைத்தது. ஹேண்டிலை மாட்டு, டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடி, வேகம் வரும்வரை சுற்று, லீவரை விடு. இன்ஜின் பிடித்துக்கொள்ளும். நிறுத்த வேண்டுமானால் டீசலை அடைக்க வேண்டும். பேட்டரி இல்லை, சாவி இல்லை, விளக்கு இல்லை.

அப்படியானால் ஒரு பழைய ஜெனரேட்டரின் பேனல் கதவைத் திறந்ததும் கை கொள்ளாத அளவுக்கு வயர்கள் வந்து விழுகின்றனவே, அத்தனையும் எதற்கு?

இன்ஜினைக் கிளப்ப, நிறுத்த, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற, ஆபத்து வந்தால் சொல்ல. இந்த நான்கே வேலைகள். ஓடிக்கொண்டிருக்கும் பழைய டீசல் இன்ஜினுக்கு வயர் வெறும் வேலையாள், எஜமான் அல்ல. பெயர் தெரியாத ஒரு வயரைக் கையில் எடுத்தால் அது இந்த நான்கில் ஒன்றைச் செய்துகொண்டிருக்க வேண்டும், அல்லது யாரோ பின்னால் சேர்த்த ஐந்தாவது வேலையாக இருக்க வேண்டும். பழைய வயரிங்கில் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது பெரும்பாலும் அந்த ஐந்தாவதுதான்.

2008இலிருந்து சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2012இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத ஊர்கள் ஏராளம். திருப்பூரின் தையல் வேலை மடத்துக்குளம், உடுமலைப் பக்கத்துக் கிராமங்கள் வரை நீண்டிருந்த நேரம் அது. ஏற்றுமதி ஆர்டருக்குக் கப்பல் தேதி காத்திருக்காது. கையில் காசு இருந்தவர்கள் புது ஜெனரேட்டர் செட் வாங்கினார்கள், இல்லாதவர்கள் பழையதை வாங்கினார்கள். ஆள் கிடைத்த நாளில், கிடைத்த வயரில், அவசர அவசரமாக இணைத்தார்கள். பிறகு கரண்ட் சீரானது. செட்டுகள் ஓரமாக நின்றன. இன்றைக்கு யூனிட் கைமாறும்போது புது முதலாளி அந்தக் கதவைத் திறக்கிறார். வயரிங் படம் இருக்காது. இணைத்தவர் எந்த ஊரில் இருக்கிறாரோ தெரியாது.

கணியூரில் அப்படி நெடுநாள் நின்றுபோன ஒரு 62.5 கேவிஏ செட்டை உயிர்ப்பிக்கும் வேலையை அருகே நின்று பார்த்தேன். வந்தவர் லாரி, டிராக்டர் வயரிங்கில் கை தேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன். பேனலைத் திறந்தவர் அரை மணி நேரம் எதையும் தொடவில்லை. "கலரப் பாத்துக் கைய வெச்சா அவ்வளவுதானுங்ணா. மொதல்ல இதுல எது ஈபி, எது பேட்டரின்னு பிரிக்கோணும்" என்றார்.

இது வெறும் எச்சரிக்கைப் பேச்சில்லை. ஜெனரேட்டர் பேனலுக்குள் இரண்டு மின்சாரங்கள் குடியிருக்கின்றன. ஒன்று 12 வோல்ட் பேட்டரி; ஈரக்கையால் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. இன்னொன்று மூன்று பேஸுக்கு இடையே சுமார் 400 வோல்ட், பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட்; ஆளைக் கொல்லும். இரண்டும் ஒரே பிளாஸ்டிக் காடிக்குள், ஒரே டேப்புக்குள் கட்டப்பட்டிருக்கும். இந்தியாவில் நீண்டகாலமாக மூன்று பேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. பேட்டரி வயரிங்கிலோ பிளஸ் சிவப்பு, மைனஸ் கறுப்பு. ஆக, கையில் இருக்கும் சிவப்பு வயர் 12 வோல்ட்டாகவும் இருக்கலாம், 230 வோல்ட்டாகவும் இருக்கலாம். வயர் தானாக வந்து சொல்லாது.

ஜெனரேட்டரை நிறுத்தி, பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டால் பேனல் முழுக்க உயிரற்றுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தச் செட்டில் ஒரு மெல்லிய மஞ்சள் வயர் எண்ணெய் அழுத்த வயர்களோடு சேர்ந்து போய், சுவர் ஓட்டை வழியாக சூப்பர்வைசர் அறைக்குள் நுழைந்திருந்தது. டெஸ்டரை வைத்ததும் எரிந்தது. வெளியே கரண்ட் திரும்பி வந்துவிட்டது என்று தெரிந்தால்தானே ஜெனரேட்டரை நிறுத்தி டீசலை மிச்சப்படுத்தலாம்? அதற்காக சேஞ்ச் ஓவர் சுவிட்சின் ஈபி பக்கத்திலிருந்து ஒரு பேஸை எடுத்து, அந்த அறையில் ஒரு சிறு விளக்குக்குக் கொடுத்திருந்தார்கள். யோசனை அருமை, வயர் போன வழிதான் கொடுமை. விளக்கு எப்போதோ போய்விட்டது. வயர் மட்டும் 230 வோல்ட்டோடு, முனை மூடாமல், 12 வோல்ட் கூட்டத்துக்குள் அமைதியாக இருந்தது. எனவே பழைய செட்டில் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது மட்டுமல்ல. ஈபி மெயினையும் இறக்கிவிட்டு, அதன் பிறகும் டெஸ்டரை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு முனையையும் மீட்டரின் ஏசி வோல்ட்டேஜ் அளவில் வைத்துப் பார்ப்பதுதான்.

நிறக் குழப்பம் இதோடு முடிவதில்லை. திருப்பூரின் நிட்டிங் யூனிட்டுகளில் ஜெர்மனியின் ஆல்ப்ஸ்டாட்டைச் சேர்ந்த மேயர் அண்ட் சி போன்ற நிறுவனங்களின் வட்டப் பின்னல் இயந்திரங்கள் இருக்கின்றன. ஐரோப்பிய முறையில் நியூட்ரலுக்கு நீலம், பேஸ்களுக்குப் பழுப்பு, கறுப்பு, சாம்பல். நமக்கு நியூட்ரலாக இருக்கும் கறுப்பு அவர்களுக்குப் பேஸ். நமக்குப் பேஸாக இருக்கும் நீலம் அவர்களுக்கு நியூட்ரல். தலைகீழ். பிரிட்டன்கூட நம்மைப் போல் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வைத்திருந்துவிட்டு 2004இல் ஐரோப்பிய நிறங்களுக்கு மாறத் தொடங்கியது. பழைய நிறமும் புதிய நிறமும் கலந்துவிட்ட கட்டடங்களில் ‘இங்கே இரண்டு வகை நிறங்கள் உள்ளன, ஜாக்கிரதை’ என்று போர்டு வைக்கச் சொன்னார்கள். நம் பேனல்களில் அந்தப் போர்டு இல்லை, கலப்பு மட்டும் உண்டு.

இன்ஜின் பக்கத்திலும் இதே கதைதான். பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்தின் பழக்கப்படி பேட்டரியிலிருந்து நேராக வரும் வயர் பழுப்பு, சாவி போட்டால் உயிர் பெறும் வயர் வெள்ளை, எர்த் கறுப்பு. ஜெர்மானியர் நிறத்தைவிட எண்ணை நம்பினார்கள். அவர்களின் டின் 72552 என்ற தரப்படி 30 என்றால் பேட்டரி பிளஸ், 15 என்றால் சாவிக்குப் பிந்திய பிளஸ், 31 என்றால் எர்த், 50 என்றால் செல்ஃப் மோட்டாருக்குப் போகும் கட்டளை. ரிலேயின் அடியில் 85, 86, 30, 87 என்று பொறித்திருப்பதும் அதே தரம்தான். நம் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் படித்ததில்லை. ஆனால் "எண்பத்தேழுல சப்ளை வருதா பாரு" என்பார். எனக்கு இந்த எண்முறை மீது தனி மரியாதை உண்டு. வயரின் நிறம் அதை வாங்கியவர் கடையில் எது கிடைத்ததோ அதைச் சொல்கிறது. முனையில் பொறித்த எண் அந்த இடத்தின் வேலையைச் சொல்கிறது.

நூல் மில்லில் எந்தக் கவுண்ட் நூல் என்று தெரிய கோனின் காகிதக் கூம்புக்கு நிறம் வைப்பார்கள். அந்த நிற ஒழுங்கை யாரும் மீறுவதில்லை. ஏனென்றால் கோன் மாறினால் துணியில் பட்டை விழும், அன்றைக்கே பீஸ் ரிஜெக்ட் ஆகும். வயரில் நிறம் மாறினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, இன்ஜின் பாட்டுக்கு ஓடும். தண்டனை பத்து ஆண்டு கழித்து வேறொருவருக்குக் கிடைக்கிறது.

சரி, நிறத்தை விட்டுவிடலாம். எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது? முனையை. பேனல் பக்கத்து முனையைப் பலர் பிரித்துக் கோத்திருப்பார்கள். இன்ஜின் பக்கத்து முனை அப்படியல்ல. எண்ணெய் ஓடும் துளையில் திருகியிருக்கும் பொருள் எண்ணெயைத்தான் கவனிக்கிறது. தெர்மோஸ்டாட் அருகே, தண்ணீர் போகும் இடத்தில் திருகியிருப்பது சூட்டைத்தான் பார்க்கிறது. பியூயல் பம்பின் லீவரைப் பிடித்து இழுக்கும் உருளை நிறுத்தும் சோலனாய்டாகத்தான் இருக்க முடியும். பெல்ட்டில் சுற்றுவது சார்ஜ் ஏற்றும் சின்ன ஆல்டர்னேட்டர், அதாவது மெக்கானிக் வாயில் டைனமோ. இரும்பில் போட்ட துளையை யாரும் அவசரத்தில் இடம் மாற்ற முடியாது. எனவே தேடல் இன்ஜினில் தொடங்கி பேனலை நோக்கி வர வேண்டும். பேனலில் தொடங்கி இன்ஜினை நோக்கிப் போகிறவர் முந்தைய ஆளின் குழப்பத்தை வரிசையாக மனப்பாடம் செய்கிறார், அவ்வளவுதான்.

இரு முனையையும் கழற்றிவிட்டு மீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, ஒரு நீள வயரின் உதவியோடு இந்த முனையிலும் அந்த முனையிலும் தொட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த முறை. மீட்டர் கூவினால் ஒரே வயர். இதில் ஒரு பொறி இருக்கிறது. பல மீட்டர்கள் முப்பது, நாற்பது ஓமுக்குக் கீழே எதைக் கண்டாலும் கூவும். பேனலில் இருக்கும் 12 வோல்ட், 2 வாட் விளக்கு எரியும்போது அதன் தடை 72 ஓம். எரியாமல் குளிர்ந்திருக்கும்போது டங்ஸ்டன் இழையின் தடை ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான், ஆறேழு ஓம். ஆகவே விளக்கின் இரண்டு பக்கத்து வயர்களைத் தொட்டாலும் மீட்டர் "ஒரே வயர்" என்று உற்சாகமாகக் கூவும். சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. திரையில் எண் என்ன என்று பார்க்க வேண்டும். நல்ல வயர் அரை ஓம்கூடக் காட்டாது. ஆறு ஓம் காட்டினால் நடுவில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த பொறி இன்னும் நுட்பமானது. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை வழக்கமாக 1 கோடி ஓம். அதாவது அளக்கும்போது அது ஏறக்குறைய கரண்டே எடுப்பதில்லை. உள்ளே பச்சை பூத்து, பத்து இழையில் ஒன்பது அறுந்து, இணைப்பில் 10 ஓம் தடை ஏறிய வயரிலும் மீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும். அதே இடத்தில் ஒரு 21 வாட் பல்பைத் தொட்டுப் பாருங்கள். பல்பின் தடை 7 ஓம். வயரின் 10 ஓமோடு அது வரிசையில் நிற்கிறது. வோல்ட்டேஜில் பாதிக்கு மேல் வயரிலேயே தீர்ந்துபோய், பல்பு மங்கலாக எரியும். மீட்டர் பார்ப்பது அழுத்தத்தை. பல்பு கேட்பது வேலையை. லாரி மெக்கானிக்குகள் இன்னமும் ஹோல்டரில் இரண்டு வயர் கட்டிய பழைய பல்பை விடாமல் வைத்திருப்பது பழமைப் பற்றினால் இல்லை. 30 ஆம்பியர் இழுக்கும் சோலனாய்டுக்குப் போகும் வழியில் பத்தில் ஒரு ஓம் தடை இருந்தால் 3 வோல்ட் வழியிலேயே போய்விடும். சோலனாய்டு முனகும், இழுக்காது. மீட்டரோ எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

வயர் அப்படிக் கெடுவதற்குச் சூடும் ஒரு காரணம். 2005 ஜனவரி முதல் தயாரான டீசல் செட்டுகளின் சத்தம் ஒரு மீட்டர் தள்ளி 75 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று விதி வந்ததிலிருந்து செட்டை ஒலியடக்கக் கூண்டுக்குள் அடைத்தார்கள். அக்கம்பக்கத்துக்கு நிம்மதி. கூண்டுக்குள் இருக்கும் சாதாரண பிவிசி வயரோ 70 டிகிரிக்கு மேல் தாங்காது. இன்ஜின் உடம்பை உரசிக்கொண்டு போனால் சில வருடங்களில் மேலுறை விறைத்து, மடக்கினால் அப்பளமாய் நொறுங்கும்.

இனி என் பார்வையில் இந்த வயரிங் முழுவதிலும் அழகான இடத்துக்கு வருகிறேன். பேனலில் பேட்டரிப் படம் போட்ட ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். சாவி போட்டால் எரியும், இன்ஜின் ஓடினால் அணையும். ‘அது வெறும் இண்டிகேட்டர், ஃபியூஸ் போனால் போகட்டும்’ என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அந்த விளக்கு இல்லாமல் சார்ஜே ஏறாமல் போகலாம்.

சின்ன ஆல்டர்னேட்டருக்குள் சுழல்வது நிலையான காந்தம் அல்ல, கம்பி சுற்றிய மின்காந்தம். அது கரண்ட் உண்டாக்க வேண்டுமானால் முதலில் காந்தமாக வேண்டும். காந்தமாக வேண்டுமானால் கரண்ட் வேண்டும். முதல் தவணையை யார் கொடுப்பது? பேட்டரிதான், அந்த விளக்கின் வழியாக. சாவி போட்டதும் கரண்ட் விளக்கைக் கடந்து, ஆல்டர்னேட்டரின் டி பிளஸ் முனை வழியே சுழலியின் சுருளுக்குள் போய் எர்த்தில் இறங்குகிறது. 2 வாட் விளக்கு என்றால் ஆம்பியரில் ஆறில் ஒரு பங்குதான். இந்தச் சொற்பக் கரண்டில் சுருள் இலேசாகக் காந்தமாகிறது. இன்ஜின் சுற்றியதும் அதிலிருந்து கொஞ்சம் கரண்ட் பிறக்கிறது, அது சுருளுக்கே திரும்புகிறது, காந்தம் வலுக்கிறது, மேலும் கரண்ட். கண்ணிமைக்கும் நேரத்தில் டி பிளஸ் முனை பேட்டரியின் வோல்ட்டேஜைத் தொட்டுவிடும். இப்போது விளக்கின் இரண்டு பக்கத்திலும் ஒரே வோல்ட்டேஜ். வித்தியாசம் இல்லாத இடத்தில் கரண்ட் ஓடாது, விளக்கு அணைகிறது. யாரும் அதை அணைக்கவில்லை.

விளக்கு ஃபியூஸானால் முதல் தவணை நின்றுபோகும். காரிலோ டிராக்டரிலோ சுழலியின் இரும்பில் எஞ்சியிருக்கும் சிறு காந்தத்தை வைத்து, ஆக்ஸிலேட்டரை மிதித்து வேகம் ஏற்றினால் ஆல்டர்னேட்டர் சில சமயம் தானே பிடித்துக்கொள்ளும். ஜெனரேட்டரில் அந்த வசதி இல்லை. நான்கு துருவ ஆல்டர்னேட்டரில் 50 ஹெர்ட்ஸ் வர வேண்டுமானால் நிமிடத்துக்கு 1,500 சுற்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் விடாது. பேட்டரி மெல்ல மெல்லச் சாகும், முதலாளி புது பேட்டரி வாங்குவார், அதுவும் சாகும்.

இந்தச் செட்டில் அந்த விளக்கின் இடத்தில் பிற்காலத்து எல்இடி ஒன்று இருந்தது. அதன் பின்னால் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு பீங்கான் ரெசிஸ்டர், விளக்குக்கு இணையாகப் பற்றவைத்தது. பார்த்தால் யாரோ விளையாட்டுக்குச் செருகியது போலிருக்கும். கையில் கட்டர் வைத்திருந்த உதவியாளப் பையன் அதை நறுக்கப் போனான். எலக்ட்ரீஷியன் தடுத்துவிட்டார். எல்இடி எடுப்பது ஆம்பியரில் ஐம்பதில் ஒரு பங்கு; அது ஒளிரப் போதும், ஆல்டர்னேட்டரை எழுப்பப் போதாது. மிச்சக் கரண்டைக் கொண்டு போகத்தான் அந்த 100 ஓம் ரெசிஸ்டர். பெயர் தெரியாத முன்னோர் ஒருவர் விஷயம் தெரிந்து செய்த வேலை. எழுதி மட்டும் வைக்கவில்லை.

அதே ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் டபிள்யூ என்று இன்னொரு முனை இருக்கும். பேட்டரி இணைப்பைச் சோதிப்பவர்களை அது ஏமாற்றும். அங்கே வருவது நேர் மின்சாரம் அல்ல, துடிப்பு. பன்னிரண்டு துருவ ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு ஆறு துடிப்பு தரும். இன்ஜின் 1,500 சுற்றும்போது பெல்ட் இரு மடங்கு வேகம் கொடுத்தால் நொடிக்கு 300 துடிப்பு. வேகமானியும், ஓவர்ஸ்பீடு வந்தால் நிறுத்தும் கருவியும் இதைத்தான் எண்ணுகின்றன.

எண்ணெய் அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் உள்ள சென்சார்களை மீட்டரே காட்டிக்கொடுத்துவிடும். நின்றுகொண்டிருக்கும் இன்ஜினில் எண்ணெய் முனைக்கும் பாடிக்கும் இடையே சுழி ஓம் என்றால் அது சுவிட்ச். அழுத்தம் ஏறினால் திறந்து விளக்கை அணைக்கும். பத்து ஓம் அளவில் ஒரு மதிப்பு காட்டினால் மீட்டர் முள்ளை நகர்த்தும் சென்டர். இரண்டையும் மாற்றி மாட்டினால் முள் ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும், எதுவும் கருகாது. சூட்டு சென்டரைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் முக்கினால் போதும். குளிரில் சில நூறு ஓமாக இருந்தது சில பத்து ஓமாக இறங்கினால் உயிரோடு இருக்கிறது. டீக்கடை பாய்லர் தண்ணீரிலேயே இந்தச் சோதனை நடக்கும்.

நிறுத்தும் சோலனாய்டில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றேபோல் இருக்கும் இரண்டு வகைகள். ஒரு வகையில் கரண்ட் இருக்கும்வரை இன்ஜின் ஓடும், கரண்ட் போனால் நிற்கும். இன்னொரு வகையில் கரண்ட் கொடுத்தால்தான் நிற்கும். வயர் அறுந்தால் முதல் வகை இன்ஜின் அங்கேயே நின்றுவிடும்; இரண்டாம் வகை சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் நிற்காமல் ஓடிக்கொண்டேயிருக்கும், பம்பின் லீவரைக் கையால்தான் தள்ள வேண்டும். எது நல்லது? பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைக்கும் யூனிட்டில், எமர்ஜென்சி பட்டனை அடித்ததும் வயர் எந்த நிலையில் இருந்தாலும் இன்ஜின் நின்றாக வேண்டும். முதல் வகைதான் சரி.

கடலில் கணக்கு மாறும். உலகைச் சுற்றி வந்த நம் கடற்படையின் மாதே, தாரிணி போன்ற பாய்மரப் படகுகளிலும், உலகெங்கும் உல்லாசத்துக்காக வைத்திருக்கும் பழைய பாய்மரப் படகுகளிலும், காற்று விழுந்த நேரத்துக்கும் துறைமுகத்துக்குள் நுழைவதற்கும் ஒரு சின்ன டீசல் இன்ஜின் உண்டு. வயரிங் ஏறக்குறைய இதேதான்: அதே டி பிளஸ் விளக்கு, அதே செல்ஃப், அதே எண்ணெய் சுவிட்ச். ஆனால் பாறையை ஒட்டிப் போகும்போது உப்பு அரித்த ஒரு வயர் அறுந்து இன்ஜின் நின்றால் படகு போச்சு. அதனால் பல படகு இன்ஜின்களில் கரண்ட் கொடுத்தால் நிற்கும் வகையை வைக்கிறார்கள். வயர்களிலும் செம்புக்கு வெள்ளீயம் பூசியதையே விரும்புகிறார்கள். சாதாரணச் செம்பு உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துப்போகும். கணியூரில் உப்பு இல்லை. பேட்டரியிலிருந்து கிளம்பும் அமில ஆவி அந்தக் குறையைத் தீர்த்துவைக்கிறது.

சோலனாய்டைப் பற்றி இன்னொன்று. மூன்று வயர் உள்ளவற்றுக்குள் இரண்டு சுருள்கள்: இழுக்கும் சுருள் முப்பது, நாற்பது ஆம்பியர் குடிக்கும், பிடித்து வைக்கும் சுருள் ஒரு ஆம்பியரோடு திருப்தியாகிவிடும். இழுக்கும் சுருளுக்குச் செல்ஃப் அடிக்கும் அந்தச் சில நொடி மட்டும் சப்ளை போக வேண்டும். வயர் மாறி அது சாவியோடு சேர்ந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் புகைதான். கருகிய சோலனாய்டை மாற்றும்போதெல்லாம் வயரைச் சந்தேகிக்காமல் பொருளை மட்டும் சந்தேகித்தால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

கருகல் எப்போதும் தவறு நடந்த இடத்தைக் காட்டுவதில்லை என்பதற்கு ஒரு சாட்சி இதே பேனலில் இருந்தது. கட்டைவிரல் தடிமனில் பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜின் பாடிக்கு ஒரு எர்த் கேபிள் போக வேண்டும். அதன் லக் துருவேறி இலேசாகக் கழன்றிருந்தது. செல்ஃப் சுற்றும்போது ஓடும் சில நூறு ஆம்பியர் எப்படியாவது பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். பெரிய வழி அடைபட்டதும், பேனலுக்குப் போகும் ஒரு மெல்லிய கறுப்பு வயர் வழியாக அது திரும்பப் பார்த்திருக்கிறது. அந்த வயர் முழு நீளத்துக்கும் வெந்து, பக்கத்து வயர்களோடு ஒட்டிப்போயிருந்தது. பேனலில் பழுது என்று நினைத்து முன்பு யாரோ இரண்டு ரிலேக்களை மாற்றியிருந்தார்கள். மாற்ற வேண்டியிருந்தது ஒரு லக், ஒரு போல்ட்.

இங்கே சொன்னதெல்லாம் ஒரு தலைமுறை இன்ஜினுக்குத்தான் பொருந்தும். 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பிறகு வரும் பெரும்பாலான செட்டுகளில் டீசலை எப்போது, எவ்வளவு பீய்ச்சுவது என்பதை ஒரு கணினிப் பெட்டி முடிவு செய்கிறது. வயர் போனால் இன்ஜினும் போச்சு. இரண்டு வயரை முறுக்கி அதில் சேதி அனுப்பும் அந்த அமைப்பில் 21 வாட் பல்பைக் கொண்டு போய்த் தொட்டால் பெட்டியே போய்விடலாம். அதற்கு வேறு படிப்பு, வேறு கருவி.

பழைய செட்டுக்குத் திரும்பினால், மாலைக்குள் எல்லா வயருக்கும் சீட்டு ஒட்டியாகிவிட்டது. சீட்டில் நிறத்தை எழுதவில்லை. ‘எண்ணெய் சுவிட்ச் – பேனல் 7’, ‘டி பிளஸ் – விளக்கு’ என்று இரண்டு முனையையும் இரண்டு பக்கத்திலும் எழுதி, மேலே ஒளி ஊடுருவும் டேப்பைச் சுற்றினார். கடைசியில் நான்கு வயர்கள் மிஞ்சின. இரண்டு முனையும் கண்டுபிடித்தாயிற்று, எந்த வேலையும் இல்லை. உருவி எறிந்துவிடலாம் என்றேன். செத்த வயரை உள்ளே விட்டு வைத்ததால்தானே இத்தனை பாடு. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கூண்டுக்குள்ள புது வயர் இழுக்கறதுக்கு ஒரு நாள் ஆகுமுங்ணா. நாளைக்கு நல்ல வயர் ஒண்ணு போச்சுன்னா இத எடுத்துக் குடுத்துட்டுப் போயிருவேன்." அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நான்கில் இரண்டின் உறை வெந்திருந்ததால் அவற்றை உருவினோம். மற்ற இரண்டின் முனைகளை மடக்கி, உறை போட்டு, நான்கு இடத்திலும் ‘ஸ்பேர்’ என்று எழுதிக் கட்டினார்.